அதற்கு என்ன விலை போட?

மேலப்பாளையம் சந்தை ரோட்டில்
ராத்திரி எட்டு மணிக்கு
என்னோடு கப்பலில் எஞ்சின் துடைக்கிற ரோமெல்
வினிகர் கேட்டான்.

பரோட்டா மாஸ்டர் பக்கீர் என்னைப் பார்த்தார்.
"காடி கேக்கான் அண்ணாச்சி."
"ஊறுகாய் போடவா?"
"சோத்துக்கு, மீனுக்கு, கறிக்கு, எல்லாத்துக்கும்.
அவன் ஊருல கோபம் வந்தாலும் காடிதான்."
சால்னா வாளியோடு நின்ற பையன்
எதிர்த்த நூடுல்ஸ் வண்டிக்கு ஓடி
அரை பாட்டில் இரவல் வாங்கி வந்தான்.

சால்னாவில் காடியை ஊற்றி
ஐந்து விரலும் நனைய அவன் தின்றதைப் பார்க்க
இரண்டு ஆட்டோக்காரர்கள் எழுந்து வந்தார்கள்.
ஸ்பூன் கேட்பான் என்று பந்தயம் கட்டியிருந்தார்களாம்.
இலையில் குவித்துக் கையால் தின்பதற்கென்றே
அவன் பாஷையில் தனியாக ஒரு சொல் உண்டு.
நமக்கு அதைச் சாப்பிடுவது என்று சொன்னால் போதும்.

அன்று காலையில்தான், உவரியில்,
எங்கள் வீட்டு மரத்தைத் தொட்டு
"மலுங்கை" என்றான்.
"முருங்கை" என்று திருத்தினாள் கில்டா.
"மலுங்கை."
"முருங்கை!"
கடல்காற்றில் மரம்
இரண்டுக்கும் தலையாட்டியது.

பக்கீர் கல்லில் முட்டை உடைத்தார்.
ரோமெல் எட்டிப் பார்த்துச் சொன்னதை
நான் தமிழில் சொல்லாமல் விட்டிருக்கலாம்:
"எங்க ஊருன்னா
இதுக்கு இந்நேரம் கண்ணு வந்திருக்கும்."
கொத்துக்கரண்டி நின்றது.
கடையில் அதுவரை இருந்த சத்தமெல்லாம்
அந்தக் கரண்டிதான் என்று அப்போது தெரிந்தது.
வாத்து முட்டை, பதினெட்டு நாள் அடை,
அவித்து, சூடாக, உப்புத் தொட்டு என்றேன்.
பக்கீர் வெகுநேரம் யோசித்தார்.
"குஞ்சும் இல்ல, முட்டையும் இல்ல.
அதுக்கு என்ன வெல போட?"

போன வருடம் மணிலாவில்
துறைமுகத்து வாசலுக்கு வெளியே
கூடையைத் துணியால் போர்த்திக்கொண்டு ஒருவன்
இருட்டைப் பார்த்து "பலூ...ட்" என்று இழுத்தான்.
ரோமெல் இரண்டு வாங்கினான்.
முனையில் சின்னதாய் ஓட்டை போட்டு
முதலில் சாற்றை உறிஞ்ச வேண்டும்.
உறிஞ்சினேன். ஆட்டுக்கால் சூப்பு தோற்றுப்போகும்,
பொய் சொல்லமாட்டேன்.
பிறகு ஓட்டை உரித்தேன்.
உள்ளேயிருந்து எதுவோ என்னைப் பார்த்தது.
சில்லறை எண்ண அவன் திரும்பிய நேரம்
அதைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு
வெறும் வாயை மென்றேன்.
"எப்படி?"
"மசாரப்" என்றேன்.
அவன் கற்றுத் தந்த சொல்
அவனிடமே பொய்யாகப் போயிற்று.

பந்தயத்தில் தோற்ற ஆட்டோக்காரர்தான்
டவுனுக்கு ஏற்றிக்கொண்டு போனார்.
ரத வீதியில், கடை மூடப்போகிற அவசரத்தில்
இலைத் துண்டில் நூறு கிராம் அல்வா.
சூடு. நெய் மணிக்கட்டு வரை வழிந்தது.
எஞ்சினுக்கு எந்த கிரேடு எண்ணெய் என்பதைப்போல
விரலிடையில் தேய்த்துப் பார்த்தான்.
கைநிறைய மிக்சரும் கொடுத்தார்கள்.
நான் பணம் கொடுத்துத் திரும்பினேன்.
இலை காலி.
"நல்லாருக்குல" என்றான்,
அந்த 'ல'வை எங்கே பிடித்தானோ.

மறுநாள் காலை
கொடியில் கிடந்த அவன் சட்டைப் பையை நோக்கி
சுவரிலிருந்து எறும்புகள்
வரிசை கட்டிப் போய்க்கொண்டிருந்தன.
கில்டா கூப்பிடுவதற்குள்
சட்டையை எடுத்து வாளியில் முக்கினேன்.
மணிலாவில் என் கால்சட்டையை
யார் துவைத்தது என்று
திடீரென்று நினைவு வந்தது.
அந்த வாரம் லாண்டரி முறை அவனுடையது.

கொல்லையில் அவன் கீரை உருவிக்கொண்டிருந்தான்.
மீன் குழம்பில் போடவாம்.
"மீனுலயா!" என்று
அடுப்படியிலிருந்து கத்தினாள் கில்டா.