ஒரு முழம்

கோபுரக் கதவிலிருந்து தண்ணீர்வரை நாடா பிடித்தோம்.
ஆயிரத்து நூற்று நாற்பது மீட்டர்.
"ஏழு வருஷத்துக்கு முன் இதில் நாற்பத்தாறு குறைவு"
என்றான் ரூரிக்,
மாட்டுக்கு வயது சொல்கிற குரலில்.

லோம்ஷேர் கலங்கரை விளக்கம்
இப்போது காட்டுக்குள் நிற்கிறது.
பிர்ச் மரங்கள் அதன் தோளைத் தாண்டிவிட்டன.
கரையென்று நினைத்துக் கட்டிய படகுக்கொட்டில்
மூன்று முறை இடம் மாறி
நாலாவது முறை விறகானது.

கட்டியபோது அலை படியை நக்கியது.
ஜார் மன்னனின் பணம்,
ஃபின்லாந்துக் கரையோரத்து முதுகுகள்.
உறைந்த கடல்மேல் கருங்கல்லைக்
குதிரைகள் இழுத்தன, மூன்று குளிர்காலம்.
ஒரு குதிரை கல்லோடு உள்ளே போயிற்று.
பதிவேட்டின் முதல் பக்கத்தில் அதன் பெயர் இருக்கிறது:
புருன்டே.
கூடப் போன இரண்டு ஆட்களுக்கு
எண் மட்டும்.

கோபுரம் ஓரடி நகரவில்லை.
கடலும் எங்கும் போகவில்லை.
இந்த நிலத்தின்மேல் ஒரு காலம்
மலை கனத்துக்குப் பனி உட்கார்ந்திருந்தது.
எழுந்துபோய்ப் பத்தாயிரம் வருஷமாகிறது,
மெத்தை இன்னும் மேலே வந்துகொண்டிருக்கிறது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்று, அக்டோபர்.
ஸ்பெயினிலிருந்து உப்பேற்றி வந்த 'கான்ஸ்டன்ஸ்'
விளக்கைப் பார்த்து
வரைபடத்தைப் பார்த்து
எல்லாம் சரியாகப் பார்த்துப்
பாறையில் ஏறியது.
பதினாலடி ஆழம் என்றது வரைபடம்.
கப்பலுக்குப் பதின்மூன்று போதும்.
பாறை கொடுத்தது பன்னிரண்டரை.

ஆட்கள் பிழைத்தார்கள். உப்பு கரைந்தது.
அந்தக் குளிரில் அந்த இடம் மட்டும்
ஒன்பது நாள் பிந்தி உறைந்ததாம்.
நான் நம்பவில்லை; எழுதிவைக்கிறேன்.

விசாரணையில் கேட்டார்கள்:
விளக்கு எரிந்ததா?
எரிந்தது.
திரி?
நள்ளிரவில் கத்தரித்தேன்.
எண்ணெய்?
கணக்கு இதோ.
பிறகு எப்படி?
காவலர் எர்லாண்ட் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
அவர் மனைவி வெண்ட்லா, கூப்பிடாமலே எழுந்துவந்து,
மேசைமேல் கையை நீட்டிவைத்தாள்,
முழங்கையிலிருந்து விரல்நுனிவரை.
"இவ்வளவு" என்றாள்.
"துவைக்கிற பாறையில் மாமியார் வெட்டின கோட்டுக்கும்
இப்போதைய தண்ணீருக்கும் நடுவே.
எனக்குக் குனிய வேண்டியிருக்கிறது.
உங்கள் வரைபடம் குனியவில்லை."

சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பார்கள்.
அங்கே யாரும் ஏறவில்லை,
முழம் தானே ஏறியிருந்தது.

எழுத்தர் குறித்தது:
'சாட்சி தன் கையைக் காட்டினார்.
பொருட்படுத்தத் தக்கதன்று.'
எர்லாண்டுக்கு வேலை போயிற்று.

பிறகு வாயு விளக்கு. பிறகு மின்சாரம்.
பிறகு ஆளே வேண்டாமென்றார்கள்.
ஒளியை மரம் மறைக்க
ஆண்டுக்கொருமுறை வெட்ட ஆளனுப்பினார்கள்.
வெட்டுக்கூலி விளக்குச் செலவைத் தாண்டிய வருஷம்
அணைத்தார்கள்.

துவைகல்லைத் தேடிப் பிடித்தேன்.
பாசியைச் சுரண்டினால் கோடுகள்,
ஏணிப்படி மாதிரி, கீழ்நோக்கி.
வேலை போன பிறகும் வெண்ட்லா
கோடை நடுநாள்தோறும் படகில் வந்து வெட்டியிருக்கிறாள்,
பாறையின் அடி காயும்வரை.
கடைசிக் கோட்டுக்குக் கீழே புல்.
என் கையை மேற்கோட்டில் வைத்துப் பார்த்தேன்.
அவளுக்கு என்னைவிட நீளக் கை.

நாங்கள் வந்தது அதற்கல்ல.
புதிதாய் முளைத்த புல்வெளி யாருக்கென்று
நீகோர்ட் வீட்டுக்கும் பாக்கா வீட்டுக்கும் வழக்கு.
நாடாவைச் சுருட்டினோம், முனை ஈரமாக வந்தது.
ரூரிக் அளவுக்குப் பக்கத்தில்
தேதி எழுதினான், மணியும் எழுதினான்.
மணி எதற்கு என்றேன்.
தோளைக் குலுக்கினான்.

நீகோர்ட் அம்மாள் காபி கொண்டுவந்தாள்.
பாக்கா வீட்டாருக்கும் ஊற்றினாள்,
ஒரு விரல் குறைவாக.