வன்மத்துக்கு ஒரு கட்டம்

நெப்ராஸ்காவில் ஏப்ரல் வெயிலுக்குச் சுடத் தெரியாது,
கண்ணைக் கூசவைக்க மட்டும் தெரியும்.
ஆறாவது இன்னிங்ஸ், ஒரு அவுட்.
பந்து வலது மூலை வேலியில் உருள்கிறது.
ஹோல்கர் வென்ட்லாண்ட் மூன்றாம் பேஸைச் சுற்றி வருகிறான்:
பதினேழு வயது, எருமைக் கன்றின் கழுத்து.
கேட்சர் மைரன் அவனில் பாதி.
பந்து வராத கையுறையை நீட்டிக்கொண்டு
பிளேட்டுக்குக் குறுக்கே நிற்கிறான்.

அதுவும் தப்புதான்.
வழிமறிப்பு என்று இடது கையை நீட்டிவிட்டேன்.
ஹோல்கர் சும்மா சறுக்கியிருந்தாலே ரன்.

அப்புறம் அந்தச் சத்தம்,
லாரியிலிருந்து மக்காச்சோள மூட்டையைத் தள்ளினாற்போல.
முகமூடி ஒரு பக்கம், ஹெல்மெட் ஒரு பக்கம்.
அப்போதுதான் வந்த பந்து
யாருக்கும் வேண்டாததாய்ப் பின்வலை வரை போனது.

வன்மத்தோடு மோதினால்
மறித்தவன் குற்றம் அடிபட்டுப்போகும்.
ரன் இல்லை, ஆள் வெளியே. அது விதி.
வன்மம் எத்தனை அங்குலம் என்று அதில் இல்லை.
பந்து கோட்டில் விழுந்தால் சுண்ணாம்பு தெறிக்கும்.
இதில் எது தெறிக்கும்?

முழங்கை உயர்ந்தது;
சுவரில் மோதப்போகிற எவனுக்கும் உயரும்.
தோள் தாழ்ந்தது;
சறுக்க நினைத்து நேரம் போதாமலும் தாழ்ந்திருக்கலாம்.
மூன்றாவது இன்னிங்ஸில் மைரன் அவனிடம் ஒன்று சொன்னான்.
எனக்குக் கேட்டது. இங்கே சொல்ல மாட்டேன்.

மிச்சம் கடைசி மூன்று எட்டு.
நிற்கப் பார்க்கிறவனுக்கு எட்டு சிறுக்கும்.
அவனுக்கு நீண்டது.

அவுட் என்றேன். வெளியே என்று விரலைக் காட்டினேன்.
பயிற்சியாளர் ஸ்டூர்ம் கத்தாமல் வந்தார்,
அதுதான் பயமாயிருந்தது.
"அவன் மனசுக்குள்ள போய்ப் பாத்தீங்களா?"
இல்லை. காலைத்தான் பார்த்தேன்.

மூக்கில் ரத்தத்தோடு எழுந்த மைரன்
யாரும் கேட்குமுன் ஒன்றுமில்லை என்றான்.
ஹோல்கர் போகிற வழியில் குனிந்து
அவன் முகமூடியை எடுத்தான்,
மண்ணைத் தட்டினான், பிளேட்டருகே வைத்துவிட்டுப் போனான்.
அதைக் குறிக்க என்னிடம் சைகை கிடையாது.

அடுத்தவன் மட்டையோடு வந்து நின்றான்.
பழக்கதோஷம், குனிந்து
தூரிகையால் பிளேட்டையும் ஓரத்தையும் பெருக்கினேன்.
மூன்றாவது எட்டின் தடம் அங்கேதான் இருந்தது என்பது
நிமிர்ந்த பிறகுதான் உறைத்தது.

இப்போது லாரிக்குள், மங்கிய விளக்கில், அறிக்கைத் தாள்.
வன்மம் என்ற கட்டத்தில் டிக் போட்டாயிற்று.
அதன்கீழ் மூன்று வரி காலி: கண்டதை எழுதவும்.
எட்டு நீண்டது என்று எழுதினேன்.
அடித்தேன்.
மறுபடி அதையே எழுதினேன்,
கொஞ்சம் சின்ன எழுத்தில்.