உம்மைத்தொகை

டோர்ஸ்டைன்,
ஸோபா உனக்கு, மேசை எனக்கு.
பனி வாரும் மண்வெட்டிக்காக
வக்கீல் முன்னால் இருபது நிமிடம் பேசினோம்.
ட்ரோம்ஸோவில், இந்த நவம்பர் கடைசியில்,
எதை வெட்டினாலும் பாதிதான் ஆகிறது.
பிலியாவை வெட்டினேன்.
இரண்டாகிவிட்டது.

தாய்ச்செடியின் காலடியில்
விரல் உயரம் நின்ற கன்று.
ரொட்டிக் கத்தியால் வேரோடு பிரித்தேன்.
வட்ட இலை நான்கு, ஐந்தாவது
இன்னும் மடிப்புப் பிரியாமல்.

தண்ணீர்:
விரலை மண்ணுக்குள் விடு, இரண்டாம் கணு வரை.
ஈரம் ஒட்டினால் பேசாமல் போய்விடு.
ஒரேயடியாகக் கொட்டிவிட்டு
மாதக்கணக்கில் மறந்துபோவாய் நீ.
செடிக்கு அது ஆகாது.
(‘செடிக்கும்’ என்றுதான் எழுதினேன்.
உம்மை அடித்துவிட்டேன்.)

ஹீட்டர் மேல் வைக்காதே.
ஜன்னல் கண்ணாடியில் இலை பட்டால்
ஒரே இரவில் கறுத்துவிடும்.
இன்னும் எட்டு வாரம்
சூரியன் மலைக்கு அந்தப் பக்கம்தான்.
சமையலறை விளக்கின் கீழ் வை.
அதையே பகல் என்று நம்பிக்கொள்ளும்,
பாவம்.

ஞாயிறுதோறும் கால் வட்டம் திருப்பு.
விட்டுவிட்டால் விளக்கைப் பார்த்தே சாயும்,
அப்புறம் நிமிர்த்த முடியாது.
துடைக்கும்போது
இலையின் முதுகுக்கு உள்ளங்கை கொடு.
அடியிலை மஞ்சளாகும், உதிரும்.
அதில் யார் தவறும் இல்லை.
நானே போன வாரம்தான் கற்றுக்கொண்டேன்.

கோடை வந்து, இரவே இல்லாமல் போனதும்
மண்ணைக் கீறிக்கொண்டு கன்றுகள் வரும்,
நாம் கேட்காமலே.
சேர்த்து வைக்காதே, கொடுத்துவிடு.
படிக்கட்டில் பூட்ஸை உதறி
கட்டடத்தையே எழுப்புகிறானே ஸிக்வார்ட், அவனுக்கு.
பல் மருத்துவரின் வரவேற்பறையில்
எப்போதும் சளியோடு இருக்கும் பெண்ணுக்கு.
உன்னோடு யாராவது வந்து தங்கினால்
அவளுக்கும்.
(இந்த உம்மை இருக்கட்டும்.)

எங்கே வாங்கியது என்று கேட்பார்கள்.
வாங்கவில்லை என்று சொல்.
மைனஸ் பதினாலில், கடைசி நிறுத்தத்தில்,
இறங்கப்போன நம்மை இருக்கச் சொல்லி
பஸ் ஓட்டிவந்த டாக்னி
கோட்டுக்குள்ளிருந்து எடுத்துத் தந்தாள்,
செய்தித்தாளில் சுற்றி, அவள் சூட்டோடு.
அவளுக்கு யாரோ தந்தது.
அந்த யாரோவுக்கு இன்னொரு யாரோ.
நடுவில் ஏழு வருஷம்
நம்மிடம் இருந்தது, அவ்வளவுதான்.

கோப்பை, கைப்பிடி போன அந்த நீலம்.
யார் உடைத்தது என்ற பேச்சு இப்போது வேண்டாம்.
அடியில் ஓட்டை கிடையாது,
அதனால்தான் தண்ணீரைப் பற்றி இத்தனை சொன்னேன்.
வேர் நெருக்கி, தொட்டி மாற்றிய பிறகு
கோப்பை எனக்கு வேண்டும்.

வெறுங்கோப்பையாகத் தராதே.

ரான்ஃப்ரிட்