கீழ்ப்பாதி

டார்ட்மத்தில் ஒரு பழைய சாமான் கடையில்
நாலரை டாலருக்கு வாங்கினேன்.
குப்பியில் பாதிதான் இருந்தது.
மேல்பாதியை யாரோ ஒருத்தி
போட்டுத் தீர்த்துவிட்டுப் போயிருக்கிறாள்.
குப்பியின் கழுத்தில் கட்டிய சாட்டின் நாடா
அவள் விரல் பட்டுப் பட்டுப் பழுப்பேறியிருந்தது.

மூடியைத் திறந்தால் முதலில் பவுடர்.
குழந்தைக்குப் போடுகிற பவுடர் இல்லை,
நாடகம் முடிந்து
முகம் கழுவாமல் தூங்கிப்போனவளின் பவுடர்.
அதற்கு அடியில் ஏதோ ஊதாப் பூ.
தமிழில் அதற்கு என்ன பெயரோ,
கூந்தலில் வைத்தவர்கள் நம்மில் யாருமில்லை.
அதற்கும் அடியில், பொறுமையாகக் காத்திருந்தால்,
பழைய கைப்பையின் உள்துணி,
பாதி பெப்பர்மின்ட், சில்லறைக் காசு.

ஆஸ்பத்திரியில் இதற்குத் தடை.
லிஃப்ட் கதவுதோறும் ஒரு குப்பியின் படம்,
குறுக்கே சிவப்புக் கோடு.
நான் எக்ஸ்ரே அறைக்காரி.
மூச்சை இழுங்கள், பிடியுங்கள், விடுங்கள்
என்று நாளைக்கு நாற்பது முறை சொல்கிறேன்.
இழுக்கிற மூச்சில் நான் கலந்துவிடக் கூடாது.
சரிதான், ஆஸ்துமாக்காரர்கள் பாவம்.
ஒருமுறை முந்தின நாள் மிச்சம் ஸ்வெட்டரில் இருந்துவிட
ஷெரில் என்னைத் தனியே அழைத்து
வாசமில்லாத சோப்பு ஒன்றைப்
பரிசுபோல நீட்டினாள்.

வீட்டில் சற்குணத்துக்கு
மூக்கு போய் நாலு வருடம்.
காய்ச்சல் வந்தது, போனது,
போகும்போது அதையும் கொண்டுபோனது.
பால் பொங்கித் தீய்ந்தாலும்
பக்கத்தில் உட்கார்ந்து ஹாக்கி பார்க்கிறார்.

ஆக எனக்கு மிஞ்சியது படகு.
ஹாலிஃபாக்ஸிலிருந்து அக்கரைக்குப் பன்னிரண்டு நிமிடம்.
படகுத்துறைக் கதவைத் தாண்டியதும்
இரண்டு மணிக்கட்டு, காதுக்குப் பின்னால் ஒன்று,
ஷாலுக்கு ஒன்று.
துறைமுகத்து டீசலும் உப்பும் ஒரு பக்கம்,
நான் ஒரு பக்கம்.

மார்ச்சில் ஒருநாள்
பக்கத்து இருக்கைக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.
எழுபது இருக்கும். மடியில்
விலைச்சீட்டுக் கிழிக்காத பனி மண்வெட்டி.
“மன்னிக்கணும், என் பியானோ டீச்சர்
இதே வாசனைதான்.”
சிரித்தேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.
“அடிப்பாள்,” என்றார். “ஸ்கேலால். விரல் முட்டியில்.”
எழுந்துபோய் ஜன்னலோரம் நின்றுகொண்டார்,
கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு.

நாற்றம் என்ற சொல்லுக்கும் இதுதானே நடந்தது.
ஒருகாலத்தில் பூவுக்கும் சந்தனத்துக்கும் சொன்னார்கள்,
இப்போது சாக்கடைக்கு.
சொல் ஒன்றும் செய்யவில்லை,
அதே எழுத்தோடுதான் நிற்கிறது.
சுற்றி நின்றவர்கள்தான்
மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

குப்பியை வீசிவிடலாமா என்றிருந்தது.
வீசவில்லை.
மறுநாள் ஒரு சொட்டு கூடுதலாகவே போட்டேன்,
மேல்பாதிக்காரிக்காக இல்லை,
யாருடைய எலும்பையும் நான் பார்க்க வேண்டாத
அந்தப் பன்னிரண்டு நிமிடத்துக்காக.

பூட்ஸைக் கழற்றி, பருப்பை அடுப்பில் வைத்து,
வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கையில்
டிவியிலிருந்து கண்ணெடுக்காமல் சற்குணம் கேட்டார்:
“இன்னிக்குப் போட்டிருக்கியா?”

கத்தி நின்றுவிட்டது.
மூக்கு வந்துவிட்டதா?

“எங்க வந்தது. போட்டுக்கற நாள்ல
ஷாலைக் கழட்ட மாட்டியே.”

விளம்பரம் வந்ததும் பக்கத்தில் இடம் விட்டு உட்கார்ந்து
“எப்படி இருக்கும், சொல்லேன்” என்றார்.
போனேன். பவுடர் என்றேன்.
ஊதா என்றேன். கைப்பை, காசு...
“இனிப்பா?”
“இல்லை. உலர்ந்தது. இஸ்திரி போட்ட துணியில்
சூடு ஆறின பிறகு இருக்குமே, அந்த மாதிரி.”
புரிந்ததுபோலத் தலையாட்டினார்.
என் மணிக்கட்டை எடுத்து
மூக்கருகே வைத்துக்கொண்டார்,
மூச்சை இழுத்து, பிடித்து.

அடுப்பில் பருப்பு அடிப்பிடித்தது.
அன்றைக்கு இருவருக்குமே தெரியவில்லை.