மே பன்னிரண்டு முதல் பதினைந்து வரை

ஏரிக்கரை வீடா என்று கேட்கிறாள்
திருப்பூரிலிருந்து யசோதரா.
கடல் என்றேன்.
படத்தில் அலையே இல்லையே என்றாள்.
தங்கச்சிமடத்து வடகடல் அப்படித்தான் மேடம்,
இந்த மாதங்களில் ஏரி மாதிரிக் கிடக்கும்,
பிள்ளைகள் வெகுதூரம் நடந்தாலும்
தண்ணீர் இடுப்பைத் தாண்டாது.
ஐப்பசியில் வாடை எழுந்தால்
இதன் குணமே வேறு என்பதைச் சொல்லவில்லை.
அவர்கள் வருவது மே மாதம்.

மூன்றாவது முறை அழைக்கிறாள் இன்றைக்கு.
மொத்தம் பதினோரு பேராம்.
மாமனார் முட்டி மடக்க மாட்டார், கழிப்பறை எப்படி?
ஏசி ஒன்றுதானா?
கொழுந்தனார் வீட்டில் சைவம், தனிப் பாத்திரம் உண்டா?
குடிக்கிற தண்ணீர் கரிக்குமா?
பாம்பன் பாலம் தெரியுமா?
(தெரியும், கண்ணைச் சுருக்கினால்.)
மீன் வாடை அடிக்குமா?

அதற்கு மட்டும்
எமரிட்டைத் திரும்பிப் பார்த்தேன்.
கொல்லையில் வலையை விரித்து
கிழிசலுக்குள் விரல் விட்டுக்கொண்டிருந்தார்.
ஏப்ரல் பதினைந்திலிருந்து அவருக்கு
அரசாங்கம் கொடுத்த விடுமுறை,
அறுபத்தோரு நாள்.
விசைப்படகு கரையில் கட்டிக் கிடக்கிறது,
மனிதர் வீட்டில் கட்டிக் கிடக்கிறார்,
பிள்ளைகளோடு ரிமோட்டுக்கு மல்லுக்கட்டியபடி.
"வலையை அண்ணன் வீட்டுல போட்டுர்றேன்னு சொல்லு"
என்றார், தலை நிமிராமல்.

அடிக்காது மேடம்.

முன்பணம் நாலாயிரம் போனில் வந்து விழுந்தது.
ஃபிரிட்ஜின் இரண்டு தவணை.
காலண்டரில் நான்கு கட்டங்களைச் சுற்றி வட்டம் போட்டேன்.
பேனாவை மூடும்போதுதான் உறைத்தது,
அந்த நான்கு நாளும்
நாங்கள் எங்கே இருப்போம்?

படகிலேயே படுத்துக்குவேன் என்றார் எமரிட்.
நீங்க படுப்பீங்க, நான்? என்றாள் ஜெனிலா,
பத்தாம் வகுப்பு ரிசல்ட்டை எதிர்பார்த்து
ஏற்கெனவே எரிச்சலில் இருப்பவள்.
லிவின் யோசித்துச் சொன்னான்:
"திருப்பூருக்குப் போவோம்மா.
அவங்க வீடு சும்மாத்தானே கிடக்கும்."

காரங்காட்டுத் தங்கச்சிக்குப் போன் போட்டேன்.
எத்தனை பேர் என்றாள்.
எத்தனை நாள் என்றாள்.
பிறகு அவள் பேசாமல் இருந்த நேரத்தில்
அலையாத்திக் காட்டுக்குள் போன படகு ஒன்று
திரும்பியே வந்திருக்கும்.
சரி வா, என்றாள்,
வரும்போது மல்லிகை நாற்று பத்து எடுத்துட்டு வா,
டேபிள் ஃபேனையும்.

பீரோவுக்குள் போனவை:
என் பட்டுப்புடவை இரண்டு, பத்திரம், பாஸ்புக்,
விளிம்பு உடையாத டம்ளர்கள்.
உடைந்தவற்றை வைத்துவிட்டு
மறுபடி மாற்றி வைத்தேன்,
காசு கொடுக்கிறவர்கள்தானே.
மாதா படத்தை எடுக்கவா என்று கேட்டேன்.
"அது அவ வீடு, அவ இருக்கட்டும்" என்றார் எமரிட்.

பதினோராம் தேதி ராத்திரி திரும்பவும் யசோதரா.
பதிமூன்று பேர் ஆகிவிட்டார்களாம்,
பாய் கூடுதலாக வேண்டுமாம்.
"நீங்க பக்கத்துலதானே இருப்பீங்க?"
நாங்களும் டூர் போறோம் மேடம்.
அப்படியா, எங்கே என்றாள், குரலில் நிஜமான ஆசை.
காரங்காடு. அங்கேயும் அலை கிடையாது.

காலையில் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு
பைகளோடு தெருவில் நின்றோம்,
ராமநாதபுரம் பஸ்ஸுக்கு நேரமிருந்தது.
துடைத்த ஜன்னல், பெருக்கிய வாசல்,
மடித்து வைத்த பதிமூன்று துண்டுகள்,
பின்னால் அசையாத தண்ணீர்.
ஃபேனைக் கட்டிப்பிடித்தபடி லிவின்
வீட்டை மேலும் கீழும் பார்த்தான்,
வரப்போகிறவனைப் போல.
"நல்லாருக்கும்மா. ஒரு நாளைக்கு எவ்வளவு?"

கொஞ்சம் குறைத்துத்தான் சொன்னேன்.