ஆறாவது திருகாணி

பத்து மாவுங் கரையில், கட்டைகள்மேல்
ஏறி நிற்கிறது எங்கள் படகு.
எங்கள் என்றால் நானும் மேய் யீயும்.
ஒன்பதாயிரம் ரிங்கிட், ஆளுக்குப் பாதி,
கரை வாடகை தனி.
பின்புறத்தில் பெயர் உரிந்துபோய்
கடைசி இரண்டு எழுத்து மட்டும் மிச்சம்.
எந்த மொழியென்று இருவருக்கும் தெரியவில்லை.

பாய்மரத்தின் இடுப்பில்
கயிறு சுற்றும் வின்ச். சுற்றாது.
அதைப் பிடித்திருப்பவை ஆறு திருகாணிகள்.
எல்லாம் எவர்சில்வர்.
டம்ளராக இருந்தவரை
அதன்மேல் எனக்குப் புகார் இருந்ததில்லை.
இங்கே அலுமினியத்துக்குள் குடிபுகுந்து
முப்பத்தெட்டு வருஷம் உப்புக்காற்றில் நின்று
இளகிய மரத்தைத் தின்று
வெள்ளைப் பொடியாய்த் துப்பி வைத்திருக்கிறது.
விரலில் ஒட்டியதை
நெற்றியில் இட்டுக்கொள்ளலாம்.

பாயான் பாருவில் மேய் யீக்கு நகக்கடை.
அசிட்டோன் அவள் பங்கு.
கியர் எண்ணெய் என் பங்கு.
பழைய காயா ஜாடியில் பாதிக்குப் பாதி.
கூட்டணி நிலைக்காது;
குலுக்கிய கையோடு தொட்டு வைக்க வேண்டும்.
தலையைச் சுற்றி ஒரு சொட்டு,
சுத்தியலால் நாலு தட்டு,
மறுபடி ஒரு சொட்டு.
சனிக்கிழமை முழுக்க இதேதான்.
இது வேலையா பூஜையா என்றாள்.
நீ சொட்டு விடு என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை நெருப்பு.
ஜாடியை இருபது அடி தள்ளி வைத்து,
எண்ணெயைத் துடைத்து,
நீலச் சுடரைத் திருகாணிக்குக் காட்டாமல்
அதைச் சுற்றியிருக்கும் உலோகத்துக்குக் காட்டினேன்.
பிடித்திருப்பவனை விட்டுவிட்டு
பிடிபட்டவளைச் சூடாக்குவது
அநியாயம்தான்.
ஆனால் விரிவது அவள்.

இடப்பக்கம் திருப்பும் முன்
வலப்பக்கம் ஒரு நூல் இறுக்கினேன்.
ஒரு சத்தம்,
பல் பிடுங்கும்போது தாடைக்குள் கேட்குமே, அது.
மதியத்துக்குள் ஐந்து
தகர மூடியில் விழுந்தன.

ஆறாவதுக்கு வாயே இல்லை.
எனக்கு முன்பே யாரோ
பொருந்தாத திருப்புளியை வைத்து அழுத்தி
பள்ளத்தைக் குதறிவிட்டுப் போயிருக்கிறான்.
அவன்தான் என்று எப்படித் தெரியும் என்றாள் மேய் யீ.
இவ்வளவு பலத்தை
இவ்வளவு தப்பான இடத்தில் காட்டியிருக்கிறானே.
அவனைத் தமிழில் திட்டினேன், மலாயில் திட்டினேன்,
ஹொக்கியனில் எனக்கு வராததை
அவள் நிரப்பினாள்.

வழியே போனவர்கள் வைத்தியம் சொன்னார்கள்.
வினிகர். கொக்கா கோலா.
பக்கத்து மீன்படகு ரொஸ்லான்
ஐஸ் கொண்டுவந்து கொடுத்து,
மீதியில் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு
வேடிக்கை பார்க்க உட்கார்ந்துவிட்டார்.
ரம்பத்தால் புதுப் பள்ளம் கீறினேன்.
திருப்புளியை நிறுத்தி, உடம்பை அதன்மேல் சாய்த்து,
மூச்சைப் பிடித்து,

தலை முறிந்தது.

தலைக்கு வந்தது தலையோடே போனது.
வின்ச் மடியில் விழுந்தது, கைக்குழந்தை எடை.
மரத்தில் அரை அங்குலம்
உடம்பு மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.
இடுக்கியால் கவ்வினேன், சும்மா பார்க்கலாமே என்று.
சுழன்றது.
தாங்க வேண்டியது எதுவும் இல்லையென்றதும்
எழுந்து வந்துவிட்டது.
ரொஸ்லான் கைதட்டினார்.
எனக்கு ஏனோ கோபமாக வந்தது.

புதுத் திருகாணி ஆறு,
தெலுக் கும்பார் கடையில் வாங்கியவை.
ஒவ்வொன்றின் மரைக்கும் களிம்பு பூசினேன்.
இன்னும் இருபது முப்பது வருஷத்தில்
யாரோ கழற்றுவார்கள்.
எந்த மொழியில் என்னைத் திட்டுவார்களோ,
திட்ட வேண்டாமே என்று
மூன்றாவதுக்குக் கொஞ்சம் கூடவே பூசினேன்.

ஆறாவதுக்கு வந்தபோது
குழாயைச் சுருட்டிப் பிதுக்கியும் காற்றுதான் வந்தது.
ஜெரெஜாக் தீவைக் காணோம்,
மழை அதை மூடிவிட்டிருந்தது.
பாலத்தின் விளக்குகள் ஒவ்வொன்றாக மங்கின.
ஏணியைப் பிடித்தபடி
போதும் இறங்கு என்று கத்தினாள் மேய் யீ.

காய்ந்த மரையோடு அப்படியே முறுக்கினேன்.
பள்ளத்தில் திருப்புளி
ஒருமுறை வழுக்கியது.

அவனுக்கும் அன்றைக்கு
மழை வந்திருக்கும்.