கடற்காளான்

வரிக்கணக்கில் கூலி எனக்கு.
அலெக்சாந்திரியாவின் கீழைத் துறைமுகத்தில்
தானியக் கிடங்கின் மேல்மாடியில்
எலிகளோடு உட்கார்ந்து எழுதுகிறேன்.

இந்த மாதம் எழுதுவது
கல்சிதோனிலிருந்து கப்பலேறி வந்த தீர்மானம்.
ஐந்நூறு ஆயர்களாம்.
கத்தி, வியர்த்து,
ஒருவர் அங்கியை ஒருவர் இழுத்து,
கடைசியில் ஒரு வேற்றுமை உருபில் வந்து நின்றார்களாம்.
(பொருத்தமான பெயர்தான் வைத்திருக்கிறார்கள் இலக்கணக்காரர்கள்.)
கிறிஸ்து
இரண்டு இயல்புகளில் இருக்கிறாரா,
இரண்டு இயல்புகளிலிருந்து வந்தாரா?

கிரேக்கத்தில் அது ஒரே ஓர் எழுத்து.
கப்பா போட்டால் 'இருந்து'.
நூ போட்டால் 'இல்'.
இரண்டுக்கும் மும்மூன்று கோடுகள்.
சாய்வில்தான் எல்லாம்.

பிறகு நான்கு இல்லைகள்:
கலக்கவில்லை, மாறவில்லை,
பிளக்கவில்லை, பிரியவில்லை.
நாலு பக்கமும் வேலி அடித்துவிட்டு
உள்ளே நிற்பது என்னவென்று எழுதாமலே
கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.
எனக்கு அது பிடித்திருந்தது.
யாரிடமும் சொல்லவில்லை.

என் மனைவி தாஹோரின் தம்பி பிஷோய்
கப்பலில் மூட்டை தூக்குகிறவன்.
ஓர் எழுத்தும் தெரியாது.
ஆனாலும் கப்பாவின் கட்சி.
"படகில் தலையணை வைத்துத் தூங்கினாரே,
அது யார் அத்தான்?"
மனிதர், என்றேன்.
"எழுந்து புயலை அதட்டினது?"
கடவுள்.
"நடுவில் ஆள் மாறினாரா?"

கடலில் கிடந்தவன், லேசில் விடமாட்டான்.
"தலையணை மடிப்பு கன்னத்தில் பதிந்தபடியேதான்
காற்றை அடக்கியிருப்பார்.
முகம் கழுவ எங்கே நேரம்?"

பதில் அந்த நான்கு இல்லைகளுக்குள் எங்கோ இருந்தது.
நான் தேடுவதற்குள்
தாஹோர் பருப்பைக் கொண்டுவந்து வைத்தாள்.
"யாராயிருந்தால் என்ன,
இன்னும் கொஞ்சம் தூங்கவிட்டிருக்கலாம்."

செவ்வாயன்று படைவீரர்கள் வந்திறங்கினார்கள்,
புதிய ஆயரை நாற்காலியில் உட்காரவைக்க.
கோயில் வாசலில் முதலில் கல். பிறகு தடி.
இருட்டியும் பிஷோய் வீடு திரும்பவில்லை.

அன்றிரவு ஏழாவது பிரதியில்
நூ இருக்க வேண்டிய இடத்தில்
கப்பா எழுதியிருந்தேன்.
கை தவறியதா என்று என்னையே கேட்காதீர்கள்.
விளக்கில் எண்ணெய் குறைவு என்றேன்.
கணக்கர் நீலோன் நம்பவில்லை.
கூலியில் இரண்டு காசு பிடித்துக்கொண்டார்.

கடற்காளானை நனைத்துத் துடைத்தேன்.
காடி தோய்த்து ஒரு பிற்பகலில்
அவர் வாய்க்கு நீட்டினார்களே, அந்த இனம்தான்.
மை போனது. முழுக்கப் போகவில்லை.
நாணல் தாளின் நரம்புக்குள்
கப்பா சாம்பலாய்க் கிடந்தது.
அதன் மேலேயே நூவை எழுதினேன்.
வெளிச்சத்தில் பிடித்தால் இரண்டும் தெரியும்.
பிடித்துப் பார்த்தேன்.
சுருட்டிக் கட்டிக் கொடுத்துவிட்டேன்.
இந்நேரம் அது ஆற்றில்
தெற்கே போய்க்கொண்டிருக்கும்.

விடியுமுன் பிஷோய் வந்தான்.
வலக்கையில் மூன்று விரல் நசுங்கியிருந்தது.
தாஹோர் திராட்சை ரசத்தால் கழுவிக் கட்டினாள்.
எந்தப் பக்கத்துக் கல் என்று நான் கேட்கவில்லை.
காலிக் கோதுமைச் சாக்கின் மேல் சாய்ந்தவன்
வாய் திறந்து தூங்கிப்போனான்.

வெயில் ஏறியபோது தெருவில் மறுபடி கூச்சல்.
இந்த முனையில் "ஒன்று!"
அந்த முனையில் "இரண்டு!"
மீன் ஏலம் போல.

எழுந்தான்.
கன்னம் முழுக்கச் சாக்கின் நெசவு,
குறுக்கும் நெடுக்குமாய்.
நில்லடா, என்றேன்.
முகத்தையாவது கழுவிக்கொண்டு போ, என்றாள் அவள்.

படி இறங்கிவிட்டான்.